தயாபரன் கட்டிய தொழிற்சாலை

தொலைக்காட்சிக்காரர்கள் சனிக்கிழமை வருவதாகச் சொன்னதும் தயாபரன் ஒரு முடிவுக்கு வந்தார். கேமராவுக்கு முன்னால் பேசப்போவது அவர்தான்.

பேசவேண்டிய பொருள் தொழிலாளர் லயத்து வீட்டு முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. மடுல்சீமைத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை, புகைக்கூண்டு உட்பட, மேலே புள்ளி வைத்த, ஒன்றோடொன்று மாட்டும் விளையாட்டுப் பிளாஸ்டிக் கட்டிகளால் எழுந்திருந்தது. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன மச்சினிச்சி, அந்த வீட்டுப் பிள்ளைகள் கழித்துவிட்ட கட்டிகளைப் பெட்டி பெட்டியாக அனுப்பியிருந்தாள். மனைவி நல்லம்மாவும் மகள் சிவசக்தியும் ஒன்றரை வருடமாகக் கட்டினார்கள். மகள் கைப்பேசியில் போட்ட படம் பதுளைவரை பரவிவிட்டது. தயாபரனின் பங்கு, கீழே கிடந்த கட்டிகளை மிதித்துவிட்டு ஏசியது.

“வீட்டுக்குப் பெரிய மனுசன் நான் இருக்கையில பொம்பளைங்க பேசினா, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல சிரிப்பாங்க. நான்தான் கட்டினேன்னு சொல்லிக்கிறேன்.”

சிவசக்தி வாயைத் திறந்தாள். நல்லம்மா அவள் கையை அழுத்தினாள்.

“சொல்லுங்க. ஆனா எப்ப நேரம் கிடைச்சுச்சுன்னு கேப்பாங்களே?”

அதை அவர் யோசிக்கவில்லை. “நீயே சொல்லிக்குடு.”

“நான் எப்புடிக் கட்டினேனோ, அதையே சொல்லுங்க. சொந்தமா பொய் சொன்னா உளறிப்புடுவீங்க.”

அது நியாயமாகப் பட்டது. இருந்த மூன்று நாளும், தான் வேலை பார்க்கும் நிஜத் தொழிற்சாலையில் தேயிலைத்தூள் சலித்தபடியே மனப்பாடம் செய்தார்.

சனிக்கிழமை, நிருபர் றிஸ்னி ஒலிவாங்கியை நீட்டினாள். தயாபரன் கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தார்.

“காலையில நாலு மணிக்கு எந்திரிச்சுப் பீலியில தண்ணி புடிப்பேன். ரொட்டி சுட்டு, சம்பல் அரைச்சு, எல்லாருக்கும் கட்டிக் குடுத்துட்டு வேலைக்குப் போவேன். வந்து துணி தொவைச்சு, சோறாக்கி, ஏனம் கழுவின பெறகுதான் கட்டிகளத் தொடுவேன்.”

றிஸ்னி அசந்துபோனாள். “அப்போ மனைவிக்கு வேலையே இல்லையா?”

இது பாடத்தில் இல்லை. அவர் நல்லம்மாவைப் பார்த்தார். அவள் தலை குனிந்துகொண்டாள்.

“அவரு எங்க விடுறாரு” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நாடே பார்த்தது. மாலையில் றிஸ்னி அழைத்தாள். அடுத்த சனிக்கிழமை அவருடைய ஒரு நாளை முழுசாகப் படம்பிடிக்கிறார்களாம், நாலு மணிப் பீலியிலிருந்தே.

“வேணாம்னு சொல்லிரு புள்ள” என்றார் மனைவியிடம்.

“சொல்லிரலாம். கட்டினது யாருன்னும் சேத்துச் சொல்லிரவா?”

தயாபரன் நெஞ்சை நிமிர்த்தினார். ஆம்பளை சொன்ன சொல்லிலிருந்து இறங்கக்கூடாது. பழகிவிட்டால் போகிறது.

திங்கள் விடியுமுன்னே இரண்டு வாளியோடு பீலிக்குப் போனார். வரிசையில் நின்ற பெண்கள் வழிவிட்டார்கள்.

“வாங்கண்ணே. இத்தன நாளா இருட்டுல உங்கள நாங்க கவனிக்கலையே.”

வீட்டுக்கு வந்து மா பிசைந்தார். முதல் ரொட்டி பிளாஸ்டிக் கட்டி மாதிரி நீள்சதுரமாக வந்தது.

“மேல எட்டுப் புள்ளி வச்சீங்கன்னா தொழிற்சாலைக் கூரையில மாட்டிரலாம்ப்பா” என்றாள் சிவசக்தி.

கம்பளிக்குள்ளிருந்து நல்லம்மாவின் குரல் வந்தது.

“சம்பலுக்கு உப்பு பாத்துப் போடுங்க. சனிக்கிழமை அவங்களும் சாப்புடுவாங்க.”