ராணியைக் கைவிட்ட இந்திரஜித்

பதுளை பஜாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் இந்திரஜித் கடையில் பேசினால் நாலு பேர் கேட்பார்கள். வீட்டில் மனைவி துவாரகா பேசுவாள், அவன் கேட்பான். அதனால்தான் அந்த வீடியோ கேம் அவனுக்கு அத்தனை பிடித்துப்போனது. அதில் அவன் படைத்தளபதி. அவன் எடுக்கிற முடிவுப்படிதான் கதையே கிளை பிரிந்து போகும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தளபதி எரிகிற பாலமொன்றுக்கு வந்து சேர்ந்தார். ஒரு பக்கம் அலறும் ராணி. மறுபக்கம் ஆற்றில் விழப்போகும் மாய வாள். ஒன்றைத்தான் எடுக்கலாம். இந்திரஜித் யோசிக்கவே இல்லை. வாளை எடுத்தான். ராணி ஆற்றோடு போனாள்.

பின்னால் கீரை ஆய்ந்துகொண்டிருந்த துவாரகாவின் கை நின்றது.

"ஏங்க, அந்தப் பொம்பள?"

"போயிட்டா."

"உங்களத்தானே கூப்பிட்டா!"

"வாள் இல்லாம அடுத்த கோட்டையப் பிடிக்க ஏலாது துவாரகா."

"அப்ப நான் பாலத்துல நின்னாலும் வாளத்தான் எடுப்பீங்க."

"நீ எதுக்குப் பாலத்துக்குப் போற?"

அந்தக் கேள்வியை அவன் கேட்டிருக்கக் கூடாது.

ராத்திரி சோறு வந்தது, குழம்பு வரவில்லை. விடிந்ததும் தேத்தண்ணி வந்தது, சீனி வரவில்லை.

"சரி, திரும்பப் போயி ராணியக் காப்பாத்திடுறேன், விடு!"

"எடுத்த முடிவ மாத்த முடியாது, அதுதான் இந்த கேமோட விசேசமேன்னு பீத்துனீங்களே?"

உண்மைதான். பழைய இடத்துக்குத் திரும்பிப்போக அதில் சேவ் எதுவுமே இல்லை. பயத்தில் அதற்கப்புறம் அவன் கேமைத் தொடவேயில்லை. புதன்கிழமை சரணடைந்தான்.

"நான் இப்ப என்னதான் செய்யணும்?"

"நான் என்னத்தச் சொல்ல? முடிவு உங்களோடது. அப்புத்தளைக் குளிருல எங்கம்மாவும்தான் தனியா நிக்கிறாங்க."

மாமியாரை வரவிடாமல் இருக்க அவன் ஆறு மாதமாகச் சொல்லிவந்த ஓதமடித்த சுவர், ஒழுகுகிற கூரை, உடைந்த கட்டில் எல்லாம் ஒரே மூச்சில் சரியாகிவிட்டன.

"நானே போயிக் கூட்டிட்டு வாறேன்!"

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு ரயிலேறினான். மாமியார் ஜெயலெட்சுமி ரெண்டு பை, ஒரு மூட்டை கேரட், கூடையில் ஒரு சேவல் சகிதம் ஸ்டேஷனில் தயாராக நின்றார். சேவ் இல்லாதவன் மடியில் சேவல் ஏறியது. பதுளைக்கு முந்தின ஸ்டேஷனான ஹாலிஎல வரைக்கும் அது அவன் விரலைக் கொத்திக்கொண்டே வந்தது.

"பயப்படாதீங்க மாப்பிள்ள, பழகிரும். இனி உங்க வீட்டுலதானே!"

வீட்டுக்குள் நுழைந்தால் துவாரகா நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து கேம் ஆடிக்கொண்டிருந்தாள். திரையில் தளபதி குதிரையில் போகிறார். பக்கத்துக் குதிரையில், சிரித்தபடி ராணி.

"இவ செத்துட்டாளே!"

"அவங்களுக்கு நீச்சல் தெரியுமுங்க. அடுத்த ஊருலயே கரையேறிட்டாங்க."

"அது உனக்கு எப்பத் தெரியும்?"

"திங்கக்கிழமையே. அம்மாவோட பையை உள்ள வைங்க."