லிஃப்ட் கந்தர்வனுக்கு நான் கொடுத்த ஒரு நட்சத்திரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவியும் நலம். அவள் நலத்தை அவளிடமே கேட்டு எழுதலாமென்றால், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. அடுப்படியில் பாத்திரம் விழுகிற சத்தத்தை வைத்து நலம் என்று எழுதுகிறேன். அங்கே தாங்களும், தங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையும், முக்கியமாகச் சம்பந்தியம்மாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

பிள்ளைகள் வீட்டில் அன்று நடந்ததற்கு என் தரப்பு நியாயத்தைத் தங்களிடம் சொல்லியே ஆகவேண்டும். நான் லிஃப்ட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது தங்களுக்குத் தெரியும். வேலை போனாலும் கை சும்மா இருக்கவில்லை. வீட்டில் மிக்ஸி, ஜன்னல், மனைவியின் சமையல் என்று எல்லாவற்றையும் பரிசோதித்துக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். தொல்லை பொறுக்காமல் அவள்தான் என் போனில் கதை படிக்கிற ஆப் ஒன்றை ஏற்றிக் கொடுத்து, "இதப் படிங்க, கொஞ்ச நாளைக்கு வீடு வீடா இருக்கட்டும்" என்றாள். முதலில் அவள் காட்டியதே அந்த நாவல்தான். சாபம் வாங்கிய கந்தர்வன் ஒருவன் அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்டில் அடைபட்டுக் கிடக்கிறான்; மேல்மாடியில் குடியிருக்கும் பல் டாக்டர் பெண்ணின் கண்ணுக்கு மட்டும் தெரிகிறான்; அப்புறம் என்ன, காதல்தான். எழுதியவருக்கு ஏதோ புனைபெயர். அது நம் சம்பந்தியம்மா என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஒரு பள்ளிக்கூடமே நடுங்குகிற கணக்கு டீச்சர், கந்தர்வனின் மார்பில் நிலா வெளிச்சம் வழிவதைப் பக்கம் பக்கமாக எழுதுவார் என்று யாருக்குத் தோன்றும்? தங்களுக்குத் தோன்றியிருந்தால் அது வேறு விஷயம்.

முதல் பாகம் முடிந்த இடத்துக்குக் கீழே வாசகர் கருத்து என்று ஒரு சந்தை கூடியிருந்தது. ஓர் அம்மா, "என் வீட்டுக்காரரும் கந்தர்வனா இருந்திருக்கலாம், லிஃப்ட்ல அடைச்சு வைக்கவாவது வசதியா இருந்திருக்கும்" என்று எழுதி ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். இன்னொருவர், "இன்னும் படிக்கல, அட்டைப்படம் அருமை" என்று அவரும் ஐந்து. கந்தர்வர்களுக்குத் தாடி உண்டா என்று இருவருக்குள் பெரிய சண்டை, ஒருவர் "நீங்க பாத்தீங்களா?" என்று கேட்க, மற்றவர் "நீங்க ஷேவ் பண்ணி விட்டீங்களா?" என்று திருப்பிக் கேட்டிருந்தார். முறையாகப் பரிசோதித்துச் சொல்ல ஒரு ஆள் இல்லையே என்று நானே களத்தில் இறங்கினேன். லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நிற்கும்போது வெளிக்கதவு திறக்கக் கூடாது, நாயகி திறக்கிறாள். கந்தர்வனுக்கு எடை கிடையாது என்கிறார் ஆசிரியர், அவன் சாய்ந்ததும் லிஃப்ட் குலுங்குகிறது. முத்தக் காட்சி முழுக்க நாயகியின் முதுகு அபாய மணிப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கிறது, மணி அடிக்கவில்லை. ஆகவே பராமரிப்பு படுமோசம். இப்படி எழுதி ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தேன்.

இங்கேதான் தாங்கள் என்னைப் புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் அலுவலகத்தில் ஒன்று என்றால் முதல் தரம். ஐந்து என்றால் அன்றைக்கே பூட்டி சீல் வைக்க வேண்டிய லிஃப்ட். முதல் தரத்துக்கும் நாலு குறை எழுதியாக வேண்டும், எழுதாமல் போனால், "கீழயே உக்காந்து காபி குடிச்சிட்டு வந்தியா?" என்று மேலதிகாரி கேட்பார். அந்தப் பழக்கத்தில் கொடுத்த மரியாதை அது. அந்தப் பெருமையில்தான் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வீட்டில் சாப்பிட்டு எழுந்ததும் எல்லோர் முன்னிலையிலும் அதை உரக்கப் படித்தேன். மருமகள் கண்ணைக் காட்டினாள். தூசி விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று முகம் கழுவச் சொன்னேன். தாங்கள் இருமினீர்கள், தண்ணீர் கொடுத்துவிட்டுத் தொடர்ந்தேன். சம்பந்தியம்மா டம்ளரை வைத்துவிட்டு, "நீங்கதானா அது?" என்று மெதுவாகக் கேட்டார். நான், "ஆமாம்மா, எப்படி இருக்கு?" என்றேன். "இனிமே ஒரு வரி எழுதமாட்டேன்" என்று சொல்லி அவர் பால்கனிக்குப் போன பிறகுதான் மருமகள், "மாமா, அதை எழுதினதே அம்மாதான்" என்றாள்.

இரண்டாம் பாகம் வராது என்ற அறிவிப்பு அன்று மாலையே வந்துவிட்டது. அதன் கீழே வாசகர்கள் எல்லோரும் லிஃப்ட்காரன் யார் என்று தேடுகிறார்கள். கந்தர்வக் கணவனுக்கு ஆசைப்பட்ட அம்மா என் விலாசம் கேட்கிறார். என் மனைவி சுவரைப் பார்த்து, "அந்தப் பல் டாக்டர் பொண்ணு கதி என்னாச்சுன்னு தெரியற வரைக்கும் இந்த வீட்ல பேச்சு கிடையாது" என்று அறிவித்துவிட்டாள். சமாதானமாகப் போகட்டுமே என்று அவள் போனை எடுத்து அவள் பெயரில் ஐந்து நட்சத்திரம் போடப் போனேன். என் விரல் கொஞ்சம் பருமன். முதல் நட்சத்திரத்திலேயே பதிந்துவிட்டது. இப்போது எங்கள் வீட்டிலிருந்து மட்டும் இரண்டு ஒற்றை நட்சத்திரங்கள். ஆகவே சம்பந்தியம்மாவிடம் எங்கள் அலுவலக வழக்கத்தைப் பக்குவமாக எடுத்துச் சொல்லி, அவரைத் திரும்ப எழுத உட்கார வைப்பது தங்கள் பொறுப்பு. இந்த வயதில் சுவரோடு சேர்ந்து நானும் பேச்சுக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

கடைக்கு வருகிறவர்கள் கண்ணெல்லாம் தெளியட்டும், தங்கள் குடும்பம் குறைவில்லாமல் இருக்கட்டும். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கங்களைச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், மனசு கேட்கவில்லை. அலுவலக வழக்கம் என்று மேலே எழுதியது அத்தனையும் புளுகு. அங்கேயும் ஐந்துதான் உசத்தி. ஒரு நட்சத்திரம் என்றால் என்ன என்று நன்றாகத் தெரிந்துதான் கொடுத்தேன். கடைசி அத்தியாயத்தில் சாபம் தீர்ந்ததும் அந்தப் படுபாவி அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வானத்துக்குப் போய்விட்டான். அந்தப் பெண் காலி லிஃப்டில் மேலும் கீழும் போய் வந்துகொண்டே இருக்கிறாள். பஸ்ஸில் படித்தேன், அழுகையில் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு, கடைசி நிறுத்தம் வரை போய்விட்டேன். கண்டக்டர் தோளைத் தட்டி, "உடம்பு சரியில்லையா சார்?" என்றார். அந்த ஆத்திரத்தில் கொடுத்தது. இதை யாரிடமும் சொல்ல வேண்டாம். அவன் திரும்பி வருகிறானா என்று மட்டும் சம்பந்தியம்மாவிடம் நைசாகக் கேட்டு எனக்கு ஒரு போன் போடுங்கள். என் மனைவி எடுத்தால் வைத்துவிடுங்கள், எனக்குத்தான் முதலில் தெரிய வேண்டும்.