கெட்ட ஆண்டின் வக்கீல்

வக்கீல்களில் பல வகை உண்டு. கொலைக் குற்றவாளிக்காக வாதாடுபவரைப் பார்த்திருப்பீர்கள், வரப்புத் தகராறுக்காகத் தொண்டை கிழியக் கத்துபவரையும் பார்த்திருப்பீர்கள். கெட்ட ஆண்டுக்காக வாதாடுபவரைப் பார்த்ததுண்டா? பிரான்சில் போர்தோ பக்கம் வந்து எந்தத் திராட்சைத் தோட்டத்துக் கதவை வேண்டுமானாலும் தட்டுங்கள். கதவைத் திறப்பவர் அவராகத்தான் இருப்பார். படித்தவர்கள் இந்த வகைக்கு வேறு பெயர் வைத்திருக்கலாம். இது படிக்காதவன் வைத்த பெயர். ஆனால் சரியான பெயர்.

அவர் வாயில் 'கெட்ட' என்ற சொல் மட்டும் வராது. பனி விழுந்து தளிர் கருகி, பூ உதிர்ந்து, கல்மழை இலையைச் சல்லடையாக்கி, மிச்சமிருந்த பழத்தில் பூஞ்சை குடியேறி, அழுகியது போக நனைந்ததைப் பறித்துப் பீப்பாயில் போட்டிருந்தாலும் அது 'கஷ்டமான ஆண்டு'தான். ஒயின் தண்ணீராக இருந்தால் 'மெல்லிய உடம்பு'. புளித்தால் 'துடிப்பு'. பச்சைக் குடைமிளகாய் நாறினால் 'தோட்டத்து வாசம்'. ஒருவரும் வாங்கவில்லையா? ஒயின் 'காத்துக்கொண்டிருக்கிறது'. யாருக்காக? அதை மட்டும் கேட்கக் கூடாது.

இந்த இனத்தின் தலைமகன் ரொலான் லாபெய்ரி. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, அடுத்தவர் தோட்டத்தில் கொடி கட்டி, பிறகு சொந்தமாக நிலம் வாங்கித் தன் பெயரை லேபிளில் போட்டவர். அந்தக் கதையை நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்வார். கேட்டால் இரண்டு முறை சொல்வார்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். பிள்ளை பிறந்த ஆண்டின் ஒயினில் சில பாட்டில்களை எடுத்துவைத்து, அந்தப் பிள்ளையின் கல்யாணத்தன்று திறப்பது அங்கே வழக்கம். மகன் ரெமி பிறந்தது தொண்ணூறில். வெயிலும் மழையும் சொல்லிவைத்தாற்போல் வந்த பொன்னான ஆண்டு. மகள் கொராலி பிறந்தது தொண்ணூற்றிரண்டில். அந்த ஆகஸ்டில் வானம் ஓட்டையாகி ஊற்றியது ஊற்றியபடி இருந்தது. அறுவடைக்குப் போனவர்கள் திராட்சையைவிட நத்தையைத்தான் அதிகம் பறித்து வந்தார்கள்.

இப்போது வக்கீலுக்கு வழக்கு மட்டுமல்ல, மகளும் வந்துவிட்டாள். கொராலி தவழும்போதே ஆரம்பித்தார். 'என் பொண்ணு பொறந்த வருஷம் மாதிரி வருமா!' ஞானஸ்நானத்தில் சொன்னார், முடிவெட்டும் கடையில் சொன்னார், ஒரு சாவு வீட்டில் சவப்பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டே சொன்னார். இருபத்தாறு ஆண்டுகள் இடைவிடாத வாதம். அவள் அதைக் கேட்டே வளர்ந்தாள். நம்பியும் வளர்ந்தாள்.

பிறகு அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளையின் தகப்பனார் யார் தெரியுமா? மார்சியால். பக்கத்து ஊரான லிபூர்னில் ஒயின் தரகர். மூக்கைக் கண்ணாடிக் கிண்ணத்தில் நுழைத்தால் கொடி நின்ற மேடு, பள்ளம், பீப்பாய் செய்தவன் பெயர்வரை சொல்வதாக ஊரில் பேச்சு. நிச்சயத்தன்றே இரண்டு பேரும் மோதிக்கொண்டார்கள்.

"நல்ல வருஷம் கடவுள் போடுற ஒயின் சம்பந்தி," என்றார் ரொலான். "அதுல நம்ம கைக்கு என்ன வேலை? கஷ்டமான வருஷந்தான் தோட்டக்காரன் வருஷம். தொண்ணூத்திரண்டு நான் போட்டது."

"அப்ப தொண்ணூறுல வந்த பணத்தை சர்ச் உண்டியல்ல போட்டுட்டீங்களா சம்பந்தி?"

சபை சிரித்தது. கொராலி சிரிக்கவில்லை. "கல்யாணத்தன்னிக்குக் குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க மாமா," என்றாள்.

ரொலான் சட்டென்று பேச்சை மாற்றினார். மாற்றாமல் என்ன செய்வார்? வாதாடினாரே தவிர, சாட்சியை ஒருநாளும் விசாரித்ததில்லை. அந்தப் பாட்டில்களை அவர் திறந்தே பார்க்கவில்லை.

கல்யாணத்தன்று காலை எல்லோரும் தலைவாரிக்கொண்டிருக்க, அவர் ஒரு புனலோடு நிலவறைக்குள் இறங்கினார். தொண்ணூற்றிரண்டை ஒரு வாளியில் ஊற்றினார். அந்தப் பாட்டில்களில் தொண்ணூறை நிரப்பினார். பழைய ஒயின் சற்று நேரம் காற்று வாங்க வேண்டும் என்பது ஊர் அறிந்த விஷயம், ஆகவே கார்க் எடுத்த பாட்டிலை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? வாளியில் இருந்த தொண்ணூற்றிரண்டைக் கொட்டியாவது தொலைத்திருக்கலாம். கொட்டுவாரா? சொந்த நிலத்து ஒயின் அல்லவா! காலியான தொண்ணூறு பாட்டில்களில் அதை நிரப்பி மூலையில் வைத்துவிட்டு வாயைக்கூடக் கழுவாமல் மேலே வந்தார். கழுவ ஒன்றுமில்லை, இரண்டில் ஒன்றைக்கூட நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை.

விருந்து தொடங்கியது. முதலில் பூண்டு சூப். கொராலியே எழுந்து மாமனாரின் கிண்ணத்தில் 'தன்' ஆண்டை ஊற்றினாள். மார்சியால் லேபிளைப் பார்த்தார். மூக்கை நுழைத்தார். ஒரு மிடறு குடித்தார்.

"மழை," என்றார்.

"இன்னொரு வாய் குடிச்சுப் பாருங்க சம்பந்தி," என்றார் ரொலான்.

"எதுக்கு? ஆகஸ்ட் மழை அப்படியே இருக்கு. பாவம், குடை வாங்கிக் குடுத்திருக்கலாம்."

இப்படிச் சொல்லிவிட்டு அவர் செய்ததுதான் கொடுமை. அந்தப் பக்கத்துக் குடியானவர்கள் சூப்பின் அடிமண்டியில் மட்டமான ஒயினைக் கொஞ்சம் ஊற்றி, அலசி, தட்டோடு தூக்கிக் குடிப்பார்கள். மார்சியால் கிண்ணத்தில் இருந்ததை அப்படியே பூண்டு சூப்பில் கவிழ்த்தார். தொண்ணூறாம் ஆண்டு! எண்ணெய்த் திட்டுகளுக்கு நடுவில் பொன்னான ஆண்டு மிதந்தது. தட்டைத் தூக்கி உறிஞ்சினார்.

"இதுக்கு சூப்புதான் சரி."

வாழ்நாளில் முதன்முறையாக ரொலானிடம் உண்மையான வாதம் இருந்தது. சொன்னால் புனலும் வெளியே வந்துவிடும்.

மனம் இளகியவள் ரொலானின் மனைவி ஓதில். விவரம் தெரியாத மகராசி. "கோவிச்சுக்காதீங்க அண்ணா, பையனோட வருஷத்தைக் கொண்டாரேன்," என்று நிலவறைக்கு ஓடினாள். "ஏய், வேண்டாம்டி," என்று ரொலான் எழுவதற்குள் மூலையில் இருந்த பாட்டில்கள் மேசைக்கு வந்துவிட்டன.

மார்சியால் லேபிளைப் பார்த்தார். முதுகு நிமிர்ந்தது. கண்ணை மூடி, குடித்து, மூடிய கண்ணோடே பேசினார்.

"இது. இதுதான்யா வெயிலு. இந்த ஒரு பாட்டிலுக்காக உங்களை மன்னிச்சேன் சம்பந்தி."

சபை கைதட்டியது. ரெமி ஏதோ மழையைப் பெய்யாமல் தடுத்ததே தான்தான் என்பதுபோல் எழுந்து தலைவணங்கினான்.

கொராலி இரண்டு கிண்ணத்திலும் மாறி மாறிக் குடித்துப் பார்த்தாள். பிறகு தகப்பனின் சட்டைக் கையைப் பார்த்தாள். கல்யாணத்துக்கென்று தைத்த வெள்ளைச் சட்டை. மணிக்கட்டில் புனல் வடிந்த கறை.

"அப்பா, என் வருஷம் அண்ணன் பாட்டில்ல இருக்கா?"

அவர் ரொட்டியைப் பிய்த்தார்.

"அது நல்லாத்தான்ப்பா இருக்கு. உண்மையாவே நல்லா இருக்கு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் சொன்னீங்களே. நீங்க மட்டும் நம்பலையா?"

வக்கீல் முதன்முறையாகத் தம் கட்சிக்காரரைக் குடித்துப் பார்த்தார். மெலிந்த ஒயின்தான். கொஞ்சம் துடிப்பு, கொஞ்சம் தோட்டத்து வாசம். பொய்யில்லாமல் நன்றாக இருந்தது. நேராகக் கொண்டுவந்து வைத்திருந்தால் தரகரின் மூக்கு என்ன சொல்லியிருக்குமோ, தெரியாது. மகளின் முகம் என்ன சொல்லியிருக்கும் என்பது தெரிந்தது. அவர் எழுந்து உண்மையைச் சொன்னாரா என்கிறீர்களா? மார்சியால் மூன்றாவது கிண்ணம் கேட்டார். ரொலான் ஊற்றினார்.

"நல்ல வருஷம்," என்றார்.

சரி, சிரித்து முடித்தாயிற்றா? இப்போது நீங்கள் சொல்லுங்கள். 'என் சின்னவனுக்கு மார்க்குதான் குறைவு, மூளை அபாரம்' என்று எதிர்வீடுவரை கேட்கும்படி பேசுகிறீர்களே. நாளைக்கு வீட்டுக்கு நாலு பெரிய மனிதர்கள் வந்தால், யாரை முன்னால் கூப்பிட்டு அறிமுகம் செய்வீர்கள்? பதில் எனக்கு வேண்டாம். சட்டைக் கையை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.