துரை வாய் திறக்கவில்லை

மூக்குக் கண்ணாடிக்கடைக்காரருக்குத் தன் வீட்டில் தனியாக ஓர் அறை இருந்தது என்று சொன்னால், அவரைத் தெரிந்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள். அந்த வீட்டில் அவருடையது என்று அடித்துச் சொல்லக்கூடியவை ஒரு துண்டும் ஒரு பல் தேய்க்கும் பிரஷ்ஷும்தான். அப்படிப்பட்டவர் ஜன்னல் வைத்த அறையை மொத்தமாக வளைத்துப் போட்டார் என்றால், அதற்குக் காரணம் ஒரு பல்லி.

சுவரில் ஓடுகிற பல்லி இல்லை. கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்க்கிற பல்லி. மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளி, கொழுத்த வால். நம்மைப் போலவே நிதானமாக இமை கொட்டும். அவர் அதற்கு வைத்த பெயர் துரை.

அந்த அறைமேல் அவர் மனைவிக்குத்தான் முதலில் கண். அவள் பள்ளிக்கூடச் சீருடைகள் தைப்பவள். தையல் மெஷின் சமையலறைக்குப் போகிற இருட்டு வழியில் கிடந்தது. ஊசியில் நூல் கோக்க ஜன்னல் வெளிச்சம் வேண்டும் என்று அவள் வாயெடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். துரைக்கு வெளிச்சம் வேண்டும், சூடு வேண்டும், நிம்மதி வேண்டும் என்றார். பின்னாலேயே ஒரு சாய்வு நாற்காலியும் உள்ளே போனது. துரையைக் கவனிக்க ஓர் ஆள் வேண்டுமே!

மதியம் கடையை மூடிவிட்டு வந்து, சாப்பிட்டு, அந்த நாற்காலியில் சாய்ந்தால் அவருக்கு உலகமே வேறு. தொட்டி விளக்கின் வெதுவெதுப்பான வெளிச்சம். திரைச்சீலை மெல்ல உப்பும், அடங்கும். துரை ஒரு தரம் இமை கொட்டுவான். அவர் ஒரு தரம் இமை கொட்டுவார். யார் முதலில் தூங்கினார்கள் என்பது இருவருக்குமே தெரியாது. அவருடைய வாழ்க்கையில் யாரும் எதுவும் கேட்காத நேரம் அது ஒன்றுதான்.

மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். "துரை நல்லா இருக்கற வரைக்கும் அறை உங்களுது. வளர்க்க முடியலைன்னு திருப்பிக் கொடுத்தீங்க, அன்னிக்கே என் மெஷின் உள்ள வந்துடும்."

அவர் வீரமாகத் தலையாட்டினார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று துரை சாப்பாட்டை நிறுத்திவிட்டான்.

"துரை சாப்பிட மாட்டேங்கறாம்மா!"

"நீங்க சாப்பிட்டாச்சா?"

"ரெண்டு தடவை சாப்பிட்டேன். கவலையில."

"அவனுக்கு என்னவாம்?"

"புழுவை இடுக்கியில பிடிச்சு மூக்குக்கு நேரா ஆட்டிக் காட்டறேன். முகத்தைத் திருப்பிக்கிறான்."

"நீங்க என் சமையலைப் பாத்துத் திருப்புவீங்களே, அந்த மாதிரியா?"

"நான் எப்போ திருப்பினேன்?"

"திருப்பித்தான் பாருங்களேன்."

அவர் திருப்பவில்லை. துரையை ஒரு டப்பாவில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்.

மருத்துவர் துரையைக் கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார். "வாலைப் பாத்தீங்களா? கொழுப்பை இதுலதான் சேத்து வைக்கும். பட்டினி கிடந்தா வால் இப்படிக் குண்டா இருக்காதுங்க. உடம்புக்கு ஒண்ணுமில்ல, போயிட்டு வாங்க."

உடம்புக்கு ஒன்றுமில்லை என்றால் மனசுக்குத்தான் என்று கண்ணாடிக்கடைக்காரர் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தார்.

"அவனுக்கு மனசுல ஏதோ குறைம்மா."

"இந்த வீட்ல யாருக்குத்தான் இல்ல?" என்றபடி மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

இங்கே அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பகல் கனவு பலிக்கும் என்பது அவருடைய கட்சி. கண்ணாடி உடைந்து ஒருவர் கடைக்கு வருவதாக ஒரு மதியம் கனவு கண்டார். மறுநாளே ஒருவர் வந்தார். கண்ணாடிக் கடைக்கு வேறு எதற்கு வருவார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. இன்னொன்று, தூக்கத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் பதிலும் சொல்லுவார். இது அவருக்குத் தெரியாது. கூட வாழ்கிறவர்களுக்குத்தானே தெரியும்?

அன்று மதியம் அறை முழுக்கத் தேன் நிறத்தில் வெயில். கவலையோடு சாய்ந்தவர் அப்படியே கண்ணயர்ந்தார். நாற்காலி படகாகி மெல்ல மிதக்க ஆரம்பித்தது. தரை தண்ணீராகிவிட்டது, வெதுவெதுப்பான மஞ்சள் தண்ணீர். சுவர்கள் விலகி வழிவிட்டன. எதிரே துரை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். கடையிலேயே விலை உயர்ந்த மூக்குக் கண்ணாடியை மாட்டியிருந்தான். அவனுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

"ஏங்க" என்றான் துரை.

"சொல்லுப்பா."

"எதிர்ல உக்காந்து இப்படி வெறிச்சு வெறிச்சுப் பாத்தா எனக்கு எப்படித் தொண்டையில இறங்கும்?"

"நான் பாசமாத்தான் பாத்தேன்!"

"அந்தப் பாசத்தைக் கொஞ்சம் தள்ளி வைங்க. என்னைச் சமையலறைக்கு மாத்திடுங்க. அங்க அடுப்புச் சூடு இருக்கு, பேச்சுத்துணை இருக்கு. நல்லா சாப்பிடுவேன்."

"அவ ஒத்துக்க மாட்டாளே."

"கெஞ்சிக் கேளுங்க. அவங்க தங்கமானவங்க. உங்களுக்குத்தான் அருமை தெரியல."

பல்லிக்கு இவ்வளவு இனிமையான குரலா என்று அவருக்கு ஆச்சரியம். தையல் மெஷின் எண்ணெய் வாசனை வேறு காற்றில் மிதந்து வந்தது. படகுக்குப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

விழித்ததும் ஓடினார். மனைவி மெஷினில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"சமையலறையிலயா? பல்லியையா? முடியவே முடியாது."

"ஒரு உயிர் விஷயம்மா!"

"அது நான் சமைக்கிற இடம்."

"நீ தங்கமானவன்னு துரையே சொன்னான்."

"அப்படியா?" என்று வாயைப் பிளந்தாள். "வேற என்ன சொன்னான்?"

"எனக்குத்தான் உன் அருமை தெரியலையாம்."

"பல்லிக்கு இருக்கற அறிவு..." என்று ஆரம்பித்தாள். மீதி மெஷின் சத்தத்தில் போய்விட்டது.

கடைசியில் மனம் இரங்கினாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நன்றியில் தொட்டியைச் சமையலறை அலமாரிக்கு மாற்றினார். காலியான அறையை ஏன் வீணாக்க வேண்டும் என்று மனைவி கூச்சத்தோடு கேட்டபோது, தையல் மெஷினைத் தானே இழுத்துக்கொண்டு போய் ஜன்னலடியில் போட்டார். இடுப்பு பிடித்துக்கொண்டது. சாய்வு நாற்காலி இருட்டு வழிக்கு வந்து சேர்ந்தது.

மனைவி புழு பிடித்த இடுக்கியால் தொட்டிக் கண்ணாடியில் லேசாகத் தட்டினாள். துரை பாய்ந்து வந்தான். புழு போன இடம் தெரியவில்லை.

"சாப்பிட்டுட்டான்!" என்று அவர் குதித்தார், பிடித்த இடுப்போடு.

ஆனால் இருட்டு வழியில் தூக்கம் வரவில்லை. அந்தப் பக்கம் பாத்திரம் உருளும், இந்தப் பக்கம் மெஷின் ஓடும். தூக்கம் வராதவர் என்ன செய்வார்? யோசித்தார். மனைவியின் கணக்கில் இது சேரவில்லை.

தட்டுகிற சத்தம் துரைக்கு எப்படிப் பழக்கம்? அவன் வாயே திறக்காத நாட்களில் புழு டப்பா எப்படிக் காலியானது? புழுக்கள் தப்பித்து ஓடுகின்றன என்றல்லவா அவர் டப்பாவுக்கு மூடி மாற்றினார்! காலையில் அவர் போர்வைக்குள் இருக்கும்போதே அவள் கையால் வயிறு முட்டச் சாப்பிட்டவன், மதியம் அவர் நீட்டினால் முகத்தைத் திருப்பாமல் என்ன செய்வான்? அப்படியானால் படகில் எதிரே உட்கார்ந்து பேசியது?

அவருக்குக் காது வரை சூடேறியது. பிறகு மெல்லச் சிரித்தார். இந்த வித்தை அவளுக்கு மட்டும்தான் வருமா?

மறுநாள் மதியம் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டார். மனைவியின் காலடிச் சத்தம் கேட்டதும் குழறலாக ஆரம்பித்தார்.

"துரை... என்னப்பா... பழைய அறைக்கே போகணுமா?... மெஷினை வெளிய எடுக்கணுமா?... சொல்றேம்ப்பா... கண்டிப்பா அவகிட்ட சொல்றேன்..."

காலடி நின்றது. இமைகளுக்குள் அந்தத் தேன் வெயில் மறுபடி பரவத் தொடங்கியது. நாற்காலி மிதப்பது போலக்கூட இருந்தது. மனைவி குனிந்து, அவர் காதருகில் அதே இனிமையான குரலில் சொன்னாள்.

"ஏங்க, எங்கிட்ட வேற மாதிரியில்ல சொன்னான்? நீங்க முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கீங்களாம், எழுந்து வந்து தொட்டியைக் கழுவச் சொன்னான்."