சார் போட்ட எலுமிச்சை ஜூஸ்

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

பெண்ணை வளர்த்து எங்கள் வீட்டுக்குக் கொடுத்த கைகளுக்கு, வாழ்நாள் முழுக்க அடுத்தவர் ஓட்டும் வண்டியில் பிரேக் பிடித்தே பிழைத்த உங்கள் சம்பந்தியின் வணக்கம். இங்கே நான், என் மனைவி, உங்கள் மாப்பிள்ளை, உங்கள் மகள் எல்லோரும் சுகம். மிக்ஸிக்கு மட்டும் கொஞ்சம் உடம்பு சரியில்லை. அங்கே உங்கள் முழங்கால் வலி இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். வலி இறங்கியிருந்தாலும் நீங்கள் மாடிப்படி ஏற வேண்டாம்.

போனில் சொல்லாமல் கடிதம் எழுதக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் போன் பேசினால் கூடம் முழுக்கக் கேட்கும், கூடத்தில் எப்போதும் உங்கள் மகள் இருப்பாள், நான் சொல்ல வந்ததோ அவளைப் பற்றியது. முதலில், நீங்கள் எழுதி அனுப்பிய எலுமிச்சை ஜூஸ் செய்முறைக்கும், கூடவே பழைய துண்டில் சுற்றி அனுப்பிய கண்டென்ஸ்டு மில்க் டின்களுக்கும் கோடி நன்றி. நான் ஏன் இப்படி நன்றி சொல்கிறேன் என்பதைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

கல்யாணத்துக்கு முன்னால் உங்கள் மகள் என் டிரைவிங் ஸ்கூலில் கார் பழகியது உங்களுக்குத் தெரியும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நான் "கிளட்ச், கிளட்ச்" என்று தொண்டை கிழியக் கத்துவேன், அவள் "சரி சார், சாரி சார்" என்று சொல்லி வண்டியை நடுரோட்டில் நிறுத்துவாள், பின்னால் வருகிற பஸ்காரர் என் பரம்பரையையே விசாரிப்பார். எனக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுவந்த உங்கள் மாப்பிள்ளை ஒருநாள் அவளைப் பார்த்தான், அதிலிருந்து என் சாப்பாடு தினமும் நேரத்துக்கு வர ஆரம்பித்தது, ஏன் என்று எனக்கு லேட்டாகத்தான் உறைத்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்து பெண்ணும் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்த அன்றைக்கே என் மனைவியை வாய் நிறைய "அத்தை" என்றாள். என்னை மட்டும் "சார்". நான் கூடத்துக்குள் வந்தால் லைசென்ஸ் டெஸ்டுக்கு வந்தவள் மாதிரி எழுந்து நிற்பாள். "உட்காரும்மா" என்றால், "பரவாயில்ல சார்."

கல்யாணத்தன்று நீங்கள் என்னிடம் சொன்னது எனக்கு மறக்கவில்லை. அப்பா முகமே நினைவில்லாத பிள்ளை, இனிமேலாவது மாமா என்று ஒருவரை உரிமையோடு கூப்பிடட்டும் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையை ஆட்டினேன். ஆட்டிய தலை இன்னும் அப்படியே இருக்கிறது, மாமாவைத்தான் காணோம். "நீயாவது அவகிட்ட சொல்லேன்" என்று மனைவியிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள்: "கேட்டு வாங்கினா அது உறவு இல்லங்க, மனு."

இந்த நிலைமையில்தான் உங்கள் கடிதம் வந்தது. இந்த ஜூஸ் என்றால் மகளுக்கு உயிர் என்று எழுதியிருந்தீர்கள். கோடையில் எங்கள் குடியிருப்புக்காரர்கள் எல்லோரும் ஞாயிறு சாயங்காலம் மொட்டைமாடியில் கூடுவோம், வீட்டுக்கு ஒரு பண்டம் கொண்டுபோவோம். இந்த முறை எங்கள் வீட்டு முறைக்கு நானே ஜூஸ் போடுகிறேன் என்று அறிவித்துவிட்டேன். சமையலறையில் எனக்குத் தெரிந்தது தண்ணீர்ப் பானை இருக்கும் இடம் மட்டும்தான். ஆனாலும் பழத்தைத் தோலோடு நாலாக வெட்டு, கொட்டையை எடு, ஐஸ் தண்ணீரோடு மிக்ஸியில் இரண்டே சுற்று விடு, வடிகட்டு, டின் பாலை ஊற்றி இன்னொரு சுற்று விடு, உடனே குடி என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தபோது, இதற்கு லைசென்ஸா வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

எலுமிச்சையும் பாலும் சேர்ந்தால் திரியும் என்று என் மனைவி ஆரம்பத்திலேயே சொன்னாள். டின் பால் திரியாது, கெட்டியாகும், சம்பந்தியம்மா எழுதியிருக்கிறார்கள் என்று உங்கள் கடிதத்தைக் காட்டி வாயை அடைத்தேன். ஞாயிற்றுக்கு முந்தைய நாளே ஒத்திகை பார்த்துவிடலாம் என்று மிக்ஸி ஜாரை விளிம்புவரை நிரப்பி முடுக்கினேன். இரண்டு சுற்றில் என்ன அரைபடும் என்று எனக்குச் சந்தேகம். டாப் கியருக்கு வந்த வண்டியை யாராவது உடனே நிறுத்துவார்களா? ஓடட்டும் என்று விட்டேன். ஓடியது. திடீரென்று மூடி கிளம்பி மேலே போனது, பின்னாலேயே எலுமிச்சையும் ஐஸும் போயின. நான் உடனே பிரேக் பிடித்தேன். சம்பந்தியம்மா, சத்தியமாகச் சொல்கிறேன், நான் தரையை மிதித்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் எப்போதும் ஒரு பிரேக் இருக்கும், மிதித்தால் வண்டி நிற்கும், இத்தனை வருஷமும் அது என்னைக் கைவிட்டதே இல்லை. அன்றைக்கு மிதி மிதி என்று மிதிக்கிறேன், மிக்ஸி நிற்கவில்லை. கரப்பான்பூச்சியை அடிக்கிறேன் என்று நினைத்து என் மனைவி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். உங்கள் மகள் ஓடிவந்து சுவிட்சை அணைத்தாள். பிறகு முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், "சார், பிரேக் இங்க இருக்கு" என்றாள்.

ஜாரில் மிஞ்சியதை வடிகட்டிக் குடித்துப் பார்த்தேன். விஷக் கசப்பு. தோலை ரொம்ப அரைத்தால் கசக்கும் என்று அடுத்த பக்கத்தில் நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், நான் பக்கத்தைத் திருப்பவே இல்லை. கசப்பை அடக்க ஒரு டின் பாலையும் கவிழ்த்தேன், திகட்டியது. திகட்டலை அடக்க அடுப்பில் இருந்த சுடுபாலை எடுத்து ஊற்றினேன். அது திரிந்தது. என் மனைவி உங்கள் கடிதத்தை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஞாயிறன்று உங்கள் மகள் தானாகவே என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். சுவிட்சின் மேல் கையை வைத்துக்கொண்டாள். எனக்கு அது எந்த இடம் என்று உடனே தெரிந்துவிட்டது, அது என் சீட்! "ஒரு சுத்து விடுங்க சார். நிறுத்துங்க. பதறாதீங்க. மறுபடி ஒரு சுத்து. அவ்வளவுதான்" என்றாள், நான் "சரிம்மா, சரிம்மா" என்றேன். அவளிடம் நான் போட்ட சத்தத்தில் கால்வாசி கூட அவள் போடவில்லை. டின் பாலை ஊற்றி ஒரு சுற்று விட்டதும் ஜூஸ் வெள்ளை வெளேரென்று நுரைத்துக்கொண்டு வந்தது. ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டால் முதலில் புளிப்பு, அப்புறம் பாலின் வழுவழுப்பு, கடைசியில் தோலின் வாசம். இப்படியும் ஒன்று உலகத்தில் இருக்கிறதா என்று நின்றுவிட்டேன்.

மாடியில் இரண்டு வாளி ஜூஸ் போன இடம் தெரியவில்லை. எதற்கும் குறை சொல்லும் மேல்வீட்டு வக்கீலே மூன்றாவது கிளாஸுக்கு வந்து நின்று, யார் போட்டது என்று சபையில் கேட்டார். இத்தனை பேர் முன்னால் சொல்லும்போது வாய் தவறியாவது ஒரு "மாமா" வந்துவிடும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். உங்கள் மகள் நிமிர்ந்து, "சார் போட்டது" என்றாள். வக்கீல் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்து, "எந்த சார்?" என்று கேட்டார். நான் காலி வாளியைக் கழுவக் கீழே இறங்கிவிட்டேன்.

ஆனால் சம்பந்தியம்மா, நான் குறை சொல்ல எழுதவில்லை. வாளியைக் கழுவும்போது யோசித்துப் பார்த்தேன். எழுந்து நின்றுகொண்டே இருந்த பெண் இப்போது சமையல் மேடைமேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு என்னை வேலை வாங்குகிறாள். நான் பழம் பொறுக்கும் அழகைப் பார்த்துச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு உங்கள் செய்முறையால் வந்தது. அதனால் அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் ஜூஸ் போடுகிறேன். மாமா வந்தால் வரட்டும், வராவிட்டாலும் வீட்டில் ஒரு பிள்ளை சிரிக்கிறது, எனக்கு அது போதும். உங்களுக்கு நான் பட்ட கடனை இந்த ஜென்மத்தில் அடைக்க முடியாது.

இந்த ரகசியம் நமக்குள் இருக்கட்டும், என் மனைவியைத் தவிர வீட்டில் யாருக்கும் தெரியாது. கடிதத்தை அவளிடமே தபாலில் போடக் கொடுக்கிறேன். பிரித்துப் படிக்க மாட்டாள், நான் பழக்கிய பிள்ளை. கோந்து தீர்ந்துவிட்டதால் டின்னின் அடியில் இருந்த பாலைத் தடவி உறையை ஒட்டியிருக்கிறேன், மாடு கட்டி இழுத்தாலும் பிரியாது.

உங்கள் முழங்கால் சீக்கிரம் குணமாகி, நீங்கள் இங்கே வந்து என் கையால் ஒரு கிளாஸ் வாங்கிக் குடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

என்றும் நன்றியுள்ள,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: அம்மா, இது நான். கடிதத்தை நான் பிரிக்கவில்லை, எறும்புகள் பிரித்துவிட்டன. உள்ளே போன எறும்பைத் தட்டிவிடும்போது கண்ணில் பட்டுவிட்டது. யாருக்கும் தெரியாத ரகசியம் என்கிறார், இது மேல்வீட்டு வக்கீலுக்குக்கூடத் தெரியும். மாமா இல்லாத நேரத்தில் அத்தையிடம் "மாமா எங்கே, மாமா சாப்பிட்டாச்சா" என்றுதான் எப்போதோ கேட்க ஆரம்பித்துவிட்டேன். முகத்துக்கு நேரே சொல்ல அன்றைக்கு மாடியிலேயே வாய் வரைக்கும் வந்தது. சொல்லிவிட்டால் ஜூஸ் நின்றுவிடுமே என்று அடக்கிக்கொண்டேன். எனக்காக ஒருத்தர் வெயிலில் கடை கடையாக ஏறி எலுமிச்சம்பழத்தை முகர்ந்து முகர்ந்து பொறுக்குவதை நான் இதற்குமுன் பார்த்ததில்லை அம்மா. எனக்கு ஆசை தீரவில்லை. இன்னும் கொஞ்ச ஞாயிறு மட்டும். நீ தயவுசெய்து ஒன்றும் எழுதிவிடாதே, இன்னும் இரண்டு டின் மட்டும் அனுப்பு. உள்ளே ஐஸ் உடைக்கிற சத்தம் கேட்கிறது, மாமா கூப்பிடுகிறார். "வரேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போகிறேன்.