கழுவிப் போட்ட சரளை

படித்த பெண்ணுக்கு எந்த வேலையையும் பாதியில் விடத் தெரியாது. (படிக்காதவர்கள் பாதியில் விட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிடவாவது செய்வார்கள்.) நான் ஆசிரியர் பயிற்சி முடித்தவள். அதனால்தான் ஒரு மாட்டு வண்டிச் சரளையை ஒரு கல் விடாமல் கழுவினேன்.

எழுபதுகளின் தொடக்கம். கணவருக்குக் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் வேலை. வீடு கட்டியபோதே கேட்டிலிருந்து வாசற்படி வரை கார் வரும் அகலத்துக்குச் சரளைப் பாதை போட்டிருந்தார். எங்களிடம் இருந்ததென்னவோ ஒரு சைக்கிள். அந்தப் பாதையை மழை அரித்துக் குண்டும் குழியுமாக்கியிருந்தது.

அப்போதுதான் திருவள்ளூரிலிருந்து ஒரு பள்ளித் தாளாளர் அம்மாள் சொல்லியனுப்பினார். எங்கள் ஊரில் புதிதாகப் பள்ளி தொடங்குகிறார், எனக்கு டீச்சர் வேலை தருவதுபற்றிப் பெரியவர்களிடம் பேச நேரில் வருகிறார். குழந்தை பிறந்த பிறகு எனக்கென்று நான் ஆசைப்பட்டது அந்த ஒன்றுதான்.

"வர்ட்டும், பேசட்டும், பாக்கலாம்" என்றார் மாமியார். "ஆனா காரு தெருவுல நின்னா நமக்கு இன்னா மரியாதை? பாதைய சரி பண்ணு."

செம்மண் அப்பிய சரளை வந்து இறங்கியது. தவழ்ந்துகொண்டிருந்த என் மகன் நேரே போய் ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். மண்ணில் பூச்சி, பூச்சியால் வயிற்றுப்போக்கு, அதற்கு மேல் நினைக்கப் பயந்து சரளையைக் கூடை கூடையாகக் கிணற்றடிக்குச் சுமந்தேன். (கல்லை விழுங்கினால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. சுத்தமான கல் அல்லவா!) அரிசி களைவதுபோல் மூன்று தண்ணீர் விட்டுக் களைந்தேன். பால்புட்டிபோல் கொதிக்க வைக்கவில்லை, அவ்வளவுதான்.

"இன்னாம்மா, உலை வெக்கப் போறியா?" என்றார் மாமியார். கணவர் பேப்பருக்கு மேலே ஒரு முறை பார்த்தார். மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்.

கழுவிய கற்களைப் பாதையில் பரப்பியபோது பளபளவென்று இருந்தது. எனக்கே பெருமை.

தாளாளரின் அம்பாசடர் கேட்டுக்குள் நுழைந்தது. பாதி தூரத்தில் நின்றது. சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. டிரைவர் இன்னும் அழுத்தினார். என் சுத்தமான கற்கள் நாலா பக்கமும் பறந்தன. ஒன்று எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. "நானே நடந்து வரேன்" என்று தாளாளர் இறங்கினார். காலடியில் கற்கள் உருண்டன. பட்டுப்புடவையோடு உட்கார்ந்தே விட்டார்.

"யாரு போட்ட பாதைம்மா இது?"

"எங்க மருமகதான். கல்லெல்லாம் கழுவிப் போட்டா" என்றார் மாமியார்.

"கழுவியா?"

"குழந்தை வாயில போட்டுக்கறான் மேடம், அதான்..." என்றேன்.

அவர் புடவையைத் தட்டிக்கொண்டு, என் இடுப்பில் இருந்த மகனைப் பார்த்தார். "இவ்ளோ சின்னக் குழந்தைய வெச்சிக்கினு வேலைக்கு எதுக்கும்மா அவசரம்?"

"அதத்தான் நானும் சொல்லிக்கினே இருக்கேன்!" என்றார் மாமியார். அதுவரை அவர் அப்படிச் சொன்னதே இல்லை.

தாளாளர் காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இரவு கணவர் சொன்னார்: "மண்ணு இருந்தாதான் கல்லு கெட்டியா புடிச்சிக்கும். எனக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சா சொல்லக் கூடாதா?"

"நீ படிச்சவளாச்சே. எதுனா காரணம் இருக்கும்னு உட்டுட்டேன்."

இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதைதான். போன வாரம், இப்போது காலேஜ் படிக்கும் மகன், தன் சிநேகிதர்களுக்குச் சொன்னான். கார், பறந்த கல், உடைந்த கண்ணாடி, விழுந்த அம்மாள், எல்லாம் அந்தந்த இடத்தில் வந்தன. பையன்கள் சிரித்துப் புரண்டார்கள். நானும் சிரித்தேன், எங்கே சிரிக்க வேண்டும் என்று எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஒரு பையன் மட்டும் கேட்டான்: "அந்தம்மா எதுக்குடா உங்க ஊட்டுக்கு வந்தாங்க?"

மகன் யோசித்தான். "தெர்லடா. வழி தெரியாம வந்துட்டாங்க போல."

நான் அவர்களுக்காகத் திராட்சை கழுவிக்கொண்டிருந்தேன். மூன்றாவது தண்ணீர்.