வலது கன்னத்துக்கு வந்த ஆசை

ஐம்பதை நெருங்கும் ஆண் கண்ணாடி முன் நின்று தன் முகத்தை அக்கறையாகப் பார்க்கத் தொடங்கினால், யாராவது அவனைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிட வேண்டும். எனக்கு அப்படி யாரும் இல்லை. மனைவி செல்வி காலமாகி ஐந்து வருடம் ஆகியிருந்தது. மகள் திவ்யா கோவையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

திருப்பூரில் நூலும் துணியும் ஏற்றும் வேன் ஓட்டுகிறேன். இத்தனை வருடம் வெயில் படும் ஜன்னலோரம் உட்கார்ந்ததில் வலது கன்னம் மட்டும் கறுத்து, சுருங்கி, புள்ளி விழுந்துவிட்டது. இடப்பக்கம் எனக்கு நாற்பது வயது, வலப்பக்கம் அறுபது. (இடப்பக்கத்தைக் காட்டியே பேசிப் பார்த்திருக்கிறேன். எதிரில் இருப்பவர்கள் நகர்ந்துவிடுகிறார்கள்.)

திவ்யா மல்லிகாவைப் பற்றிச் சொல்லும்வரை அது என்னைப் பெரிதாக உறுத்தியதில்லை. மல்லிகா அவளுடைய தோழிக்குச் சித்தி. கணவரை இழந்தவர். பனியன் கம்பெனியில், தைத்து வரும் துணிகளில் குறை பார்க்கும் செக்கிங் பிரிவில் வேலை. பெண்கள் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டுத்தான் எனக்குத் தகவல் சொன்னார்கள். முடியவே முடியாது என்றேன். திவ்யா சண்டை போடவில்லை.

"நானும் கல்யாணமாகிப் போயிட்டா, ஊட்டுல சாப்டீங்களான்னு கேக்க யாருப்பா இருப்பாங்க?"

ஞாயிற்றுக்கிழமை முருகன் கோயிலில் சந்திப்பது என்று முடிவானது.

தோல் டாக்டரிடம் போனேன். வேன் கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் வெயில் உள்ளே வரும் என்றார். தினமும் சன்ஸ்கிரீன், இரவில் களிம்பு, சில மாதம் பொறுமை. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆகுமா என்று கேட்டேன். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பிறகு நானே போனில் தேடி, மேல்தோலை உரிக்கும் திரவம் ஒன்றை வரவழைத்தேன். பாட்டிலில் போட்டிருந்ததைவிட இரண்டு மடங்கு நேரம் வைத்திருந்தேன். (என் கன்னம் மற்றவர்களுடையதைவிடப் பழையது என்பது என் கணக்கு.) எரிந்தது. வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். மறுநாள் சோமனூருக்கு ஒரு நூல் லோடு. இறக்கிவிட்டுத் திரும்பும்போது உச்சி வெயில் முழுக்க என் பக்கம். வீடு சேர்வதற்குள் கன்னம் சிவந்து வீங்கிவிட்டது. சனிக்கிழமை தோல் திட்டுத்திட்டாக உரிந்து தொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மாஸ்க் போட்டுக்கொண்டு போனேன். கோயில் மண்டபத்தில் நான், திவ்யா, எதிரில் மல்லிகா. அவர் கேட்டதற்கெல்லாம் திவ்யாவே பதில் சொன்னாள். கடைசியில் மல்லிகா நேராக என்னைப் பார்த்தார்.

"மாஸ்க்கை எடுங்க. மூஞ்சியப் பாக்காம எப்படிங்க சொல்றது?"

எடுத்தேன். திவ்யா வாயைப் பொத்திக்கொண்டாள். வேன் இன்ஜின் சூடு அடித்துவிட்டது என்று ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன். அவர் கண்ணைப் பார்த்ததும் அது வரவில்லை.

"உங்களப் பாக்க வரணும்னு நானே பண்ணிக்கிட்டதுங்க" என்றேன்.

அவர் என் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். தன் கணவர் போன பிறகு தனக்காக யாரும் எதுவும் மெனக்கெட்டதில்லை என்று மெதுவாகச் சொன்னார். பிறகு எழுந்து வந்து, என் தாடையை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, இரண்டு கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தீர்ப்பைத் திவ்யாவிடம்தான் சொன்னார்.

"ரெண்டு பக்கமும் ரெண்டு ஷேடு, கண்ணு. ஃபர்ஸ்ட் குவாலிட்டில வராது. செகண்ட்ஸ்ல எடுத்துக்கலாம்."

(குறையுள்ள சரக்குக்கு எங்கள் ஊரில் செகண்ட்ஸ் என்று பெயர். காதர்பேட்டையில் குவித்துவைத்து விற்பார்கள்.)

திவ்யா சிரித்தாள். நான் சிரித்தால் கன்னம் வெடிக்கும். கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது. எரிச்சல் என்று சொல்லிவைத்தேன்.

நாங்கள் இருவரும் சேர்ந்து முதன்முதலாகப் போனது அதே தோல் டாக்டரிடம்தான். மல்லிகா அரைநாள் லீவு போட்டு வந்தார். டாக்டர் திட்டியதையெல்லாம் எனக்குப் பதிலாக அவரே தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

புண் ஆறியது. ஆறின இடம் முன்னைவிடக் கறுப்பாகத் தங்கிவிட்டது. கல்யாணப் போட்டோ எல்லாவற்றிலும் போட்டோக்காரர் என்னை ஒருக்களித்தே நிறுத்தியிருக்கிறார். இப்போதும் விசேஷங்களில் யாராவது இந்தச் சம்பந்தம் எப்படி அமைந்தது என்று கேட்டால், திவ்யா முந்திக்கொண்டு, அப்பாவைச் சித்தி செகண்ட்ஸில் எடுத்தார் என்பாள். மல்லிகா இலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொல்வாள்:

"செகண்ட்ஸ்தானுங்க. ஆனா ரிட்டர்ன் கெடையாது."